பதினாறு வயசில் வாங்கிய 57

சென்னையில் இருந்து இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிற ஒரு அம்மா போனில் கேட்டாங்க. மகன் பிளஸ் ஒன் படிக்கிறானாம். இப்பவே என்பிடெல்லில் ஒரு காலேஜ் கோர்ஸ் முடிச்சுட்டா இன்ஜினியரிங் சீட்டுக்கு உதவுமா? உதவாதுங்கன்னு சொன்னேன். நம்ம ஊர் கவுன்சலிங்கில் பிளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கை 200-க்குக் கணக்குப் போட்டுத்தான் சீட். ஆனாலும் சேர்த்து விடுங்கன்னு சொன்னேன். "உதவாதுன்னா எதுக்குங்க?" என்றார். நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடிக்க முடியல, அதான் இங்கே எழுதறேன்.

விவரம் தெரியாதவங்களுக்கு: ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துற இணையப் பாடங்கள்தான் என்பிடெல். கேக்கறதுக்குக் காசு கிடையாது. பிளஸ் டூ முடிச்சிருக்கணும், காலேஜில் இருக்கணும்னு யாரும் கேக்கறதில்ல. சான்றிதழ் வேணும்னா மட்டும் பணம் கட்டி, ஒரு மையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுதணும்.

எங்க அண்ணன் மகள் போன வருஷம் ஜூலையில் காரக்பூர் ஐஐடியின் மண் அறிவியல் பாடத்தில் சேர்ந்தாள். 12 வாரம். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன். அதுவும் அண்ணன் காட்டுல இருந்து வந்த பிறகுதான் அவள் கைக்கு வரும். பத்தாம் வகுப்பில் 500-க்கு 470 எடுத்த பிள்ளை. இந்தப் பாடத்தில் கடைசியில் வாங்கினது 57.

ஊரில் கேட்டவங்க எல்லாரும் "அம்பத்தேழு தானா?" என்றார்கள். எனக்கு அந்த 470-ஐ விட இந்த 57 மேல மதிப்பு அதிகம். ஏன்னு சொல்றேன்.

எங்க கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் இருந்து காலேஜ் போகிற முதல் தலைமுறைப் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். பிளஸ் டூவில் நல்ல மார்க். மேளம் கொட்டாத குறையாக ஹாஸ்டலில் விட்டுட்டு வருவோம். பொங்கலுக்கு வரும்போது முகம் செத்திருக்கும். ரெண்டு அரியர், மூணு அரியர். அப்பா அம்மாகிட்ட சொல்ல முடியாது. அறிவு குறைஞ்சா போச்சு? இல்ல. பள்ளியில் வாத்தியார் கூடவே இருந்து ஊட்டினார். புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கிற கேள்விதான் பரீட்சையிலும் வந்தது. அங்க அப்படி இல்ல. ஒரு மணி நேரம் ஒருத்தர் இங்கிலீஷில் பேசிட்டுப் போயிடுவார். புரியலன்னா அது உன் பாடு. அந்த அடி எல்லாருக்கும் ஒரு நாள் விழத்தான் போகுது. அது பதினாறு வயசில், அம்மா சமையல் சாப்பிட்டுக்கிட்டே, 1,000 ரூபாய் பரீட்சைக் கட்டணத்தோட விழட்டுமே என்பதுதான் என் கட்சி.

அவளுக்கு முதல் ரெண்டு வாரமும் விழுந்தது. வீடியோவை மெதுவா ஓடவிட்டு, கீழே வர்ற எழுத்தை வாசிச்சு வாசிச்சுத்தான் ஓட்டினாள். ரெண்டாவது அசைன்மென்ட்டில் பாதிகூடத் தேறல. "சித்தப்பா, இது எனக்கு ஒத்து வராது"ன்னு வந்து நின்னா. நான் ஒண்ணும் பெருசா சொல்லல. மார்க் எப்படிப் போடறாங்கன்னு பாருன்னு மட்டும் சொன்னேன். 12 அசைன்மென்ட்டில் நல்லா எழுதின 8 மட்டும்தான் கணக்கு, அதுக்கு 25. பரீட்சைக்கு 75. தேறணும்னா 25-ல் 10, 75-ல் 30, ரெண்டும் தனித்தனியா வேணும். அப்போ நாலு வாரம் கையை விட்டாலும் குடி முழுகாது. அந்த ரெண்டாவது வாரத்தை ஒண்ணுன்னு கழிச்சா. காலாண்டுப் பரீட்சைக்கு ரெண்டு, புரட்டாசி விதைப்புக்கு ஒண்ணு. எல்லா வாரமும் முழு மார்க் வாங்கியே தீரணும்னு உட்கார்ந்திருந்தா செப்டம்பரில் விட்டிருப்பாள். நல்லாப் படிக்கிற பிள்ளைகளுக்கு எதை விடறதுன்னு நாம சொல்லிக் கொடுக்கறதே இல்ல.

இன்னொரு விஷயம், பாடத்தை அவளே எடுத்தாள். நகரத்தில் பெரும்பாலும் எல்லாரும் எடுக்கறது பைத்தான்தான். நல்ல பாடம், குறை சொல்லல. ஆனா பிள்ளை தினமும் கண்ணால் பாக்கற ஒண்ணுல பாடம் அமைஞ்சா, புரியாத இங்கிலீஷைக்கூட விடாம துரத்தும். மண்ணில் மணல், வண்டல், களி எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிற முறை ஒண்ணு வந்தது. தண்ணியில் கலக்கிவிட்டு எது எவ்வளவு வேகமா அடியில் படியுதுன்னு பாக்கறது. அதுக்கு அடிப்படை ஸ்டோக்ஸ் விதி. அதே விதி அவளோட பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் இருக்கு, அஞ்சு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தாள். நம்ம கரிசலை பாட்டிலில் கலக்கி வெச்சா. மணல் நிமிஷத்தில் படிஞ்சது. களி மறுநாளும் கலங்கலாவே நின்னது. துகள் சின்னதாக ஆக, படியற வேகம் ஆரத்தோட வர்க்கத்தில் குறையும்னு எனக்கே விளக்கினா.

மடக்கையும் அப்படித்தான். பிஎச் 7-க்கும் 8-க்கும் வித்தியாசம் ஒண்ணு இல்ல, பத்து மடங்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு மண் வள அட்டையைத் தேடி எடுத்தாள். களர் பக்கம் சாயுற நம்ம மண்ணில் போடற டிஏபியில் இருக்கிற மணிச்சத்தை சுண்ணாம்பு பிடிச்சு வெச்சுக்கும்னு அவங்க அப்பாகிட்ட சண்டை. அண்ணன் முப்பது வருஷ விவசாயி, லேசில் ஒத்துக்கல. ஆனா இந்த வருஷம் வேளாண் அலுவலரிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

அமெரிக்காவில் இது பழைய சங்கதி. மின்னசோட்டா மாநிலத்தில் 1985 முதலே பள்ளிப் பிள்ளைகள் காலேஜ் வகுப்பில் உட்காரலாம். செலவு அரசுடையது, கிரெடிட்டும் உண்டு. ஆனா அங்க வாங்கற மார்க் காலேஜ் பதிவேட்டில் அப்படியே நிக்கும். அங்கே இருக்கிற நம்ம ஆட்கள் அதனால யோசிச்சுத்தான் சேர்க்கணும். என்பிடெல்லில் தோத்தா சான்றிதழ் வராது, அவ்வளவுதான். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் ஒரு கோடுகூட விழாது.

சென்னை அம்மாவுக்கு: ஒரே ஒரு பாடம், அதுவும் ஜூலையில். ஜனவரி பேட்ச் வேண்டாம், ஆண்டுத் தேர்வில் மோதும். பிளஸ் டூவிலும் வேண்டாம். 2017-18-ல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26-ல் இருந்து எடுத்துட்டாங்க. கிடைச்ச அந்த வருஷத்தைச் சில பள்ளிகள் பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே நடத்தத்தான் செலவழிக்கும். உங்க பையனுக்கு ஏற்கெனவே சாயங்காலம் மூணு மணி நேரம் கோச்சிங் இருந்தா, முதலில் அதில் ஒண்ணைக் குறைங்க. அவன்கிட்ட என்ன பாடம்னு கேளுங்க. பைத்தான்னு சொன்னாலும் சரி. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டறதுக்குன்னா விட்டுடுங்க.

எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தடை வேற. பரீட்சைக்கு விடியக்காலையில் பஸ் ஏறித் திருநெல்வேலி போனோம். கம்ப்யூட்டரில் பரீட்சை. அவள் மவுஸைப் பிடிச்சதே எண்ணி நாலஞ்சு தடவைதான் இருக்கும். முதல் கால் மணி நேரம் அதிலேயே போச்சுன்னு சொன்னா. அவள் பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கு, வரிசையா கம்ப்யூட்டர் இருக்கு. சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் திறந்து வைக்க முடியுமான்னு தலைமையாசிரியரிடம் மனு கொடுத்திருக்கோம். வர்ற ஜூலைக்கு அவளைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள் சேரத் தயாரா இருக்கு.