சம்பா கோவில் சுவர்

விசுவாசம் இறைவன் தந்த கொடை என்பது மறைக்கல்வியின் தொடக்கப் பாடம். பெற்ற கொடையைப் பரம்பரைச் சொத்தாக எண்ணத் தொடங்கியதும் தாழ்ச்சி இருந்த இடத்தில் மெத்தனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பூசை தவறாத வீட்டிலும் நவநாள் தவறாத பங்கிலும்கூட அது வேர்விடும். அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1745 அக்டோபரில் புதுவையில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு விவரமாகச் சொல்கிறது. சம்பா கோவிலுக்குள் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். காரைக்காலிலிருந்து வந்த குரு இதைத் தகாது என்று கண்டிக்க, ஒதுக்கப்பட்டவர்கள் திரண்டுபோய்ப் பெரிய குருவிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. அதை ஒட்டி, துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) கனகராய முதலியின் உறவுக்காரப் பெண் ஒருவர் மெல்லிய மஸ்லினும் நகைகளும் வாசனைப் பூச்சுமாகப் பூசைக்கு வந்தார். குரு மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைக் கடிந்து, எழுந்து போகச் சொன்னார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழ, விவகாரம் ஆளுநர் துய்ப்ளேக்சு வரை போனது. சுவரை இடித்தது நியாயம். ஒரு பெண்ணைச் சபை நடுவே அவமானப்படுத்தியதைத் தாழ்ச்சியில் சேர்க்க முடியாது. சீர்திருத்துகிறவருக்கும் மெத்தனம் வரும்.

அதே ஆண்டு கனகராய முதலி, இறந்துபோன மகனின் நினைவாக உழவர்கரையில் கோவில் கட்டிப் பெருவிருந்து வைத்தார். பிராமணருக்குத் தனி ஏற்பாடு, மற்றச் சாதியாருக்குத் தனி ஏற்பாடு. இந்துவான நாட்குறிப்பாளருக்கே அது எந்த மதத்தின் முறையிலும் சேராததாகப் பட்டது. வெளியாளின் கண்ணுக்குச் சட்டெனத் தெரிந்தது உள்ளே இருந்தவர்களுக்கு உறுத்தவில்லை.

1761-இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்தபோது சம்பா கோவிலும் இடிபட்டது. பிரிவினை கட்டடத்தோடு போகவில்லை. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட மோதலில், 2008 மார்ச் 9 அன்று காவல்துறை சுட்டு இருவர் இறந்தனர். பங்குக் கோவிலில் சமஇடம் கிடைக்காததே அந்தக் கோரிக்கையின் வேர். இந்திய ஆயர்கள் 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது தாழ்ச்சியின் முதல் படி. அதோடு நின்றுவிட்டால் அதுவும் இன்னொரு மெத்தனமாகிவிடும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில், சோரியாங்குப்பம் போன்ற பெண்ணையாற்றங்கரை ஊர்களில் பணியாற்றும் உபதேசியாருக்கு இன்று கோவிலுக்குள் இடிக்கச் சுவர் இருக்காது. பார்க்க வேண்டியவை வேறு: திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை, பூசையில் வாசகம் படிக்கவும் பங்குப் பேரவையில் கணக்குப் பார்க்கவும் யாரைக் கூப்பிடுகிறார்கள், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவரைப் பழைய குடும்பங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கின்றனவா. மறைக்கல்வி வகுப்பில் தாழ்ச்சியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பிள்ளைகள் பாடம் படிப்பது இந்த இடங்களில்தான்.

இவற்றை அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்திலேயே, தேர் போகாத தெருக்காரர்களையும் உட்காரவைத்துக்கொண்டு, உபதேசியார்கள் பேச்சுக்கு எடுக்க வேண்டும்.