கப்ளரை வெட்டாதீர்கள், கேபிளை மாற்றுங்கள்

காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கப்ளர் இருக்கும். மேல் வரிசையில் எட்டு, கீழ் வரிசையில் எட்டு என 16 பின்கள். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுவது இந்த ஓபிடி போர்ட்டில்தான். இன்ஜின் விளக்கு ஏன் எரிகிறது, எந்த சென்சார் பழுது என்பதெல்லாம் இதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. இதை வெட்டி எடுத்துவிட்டு வேறு வகைக் கப்ளரைப் பொருத்துகிறவர்கள் உண்டு. கையிலிருக்கும் ஸ்கேனர் பழைய வண்டியில் சேரவில்லை என்று சிலர் செய்கிறார்கள். திருடன் இதன் வழியாகப் புதுச் சாவி பதிவு செய்துவிடுவான் என்ற பயத்தில் சிலர் செய்கிறார்கள். இரண்டு காரணமும் புரிகிறது. ஆனாலும் இரண்டுக்கும் இது தீர்வல்ல. உடைந்த கப்ளரை அதே வகையால் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். வகையை மட்டும் மாற்றக் கூடாது.

இந்த ஒரே வடிவம் தானாக வந்ததல்ல. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கப்ளர் வைத்திருந்தது. பிஎம்டபிள்யூவில் பானெட்டுக்கு அடியில் 20 பின் வட்டக் கப்ளர், மெர்சிடிஸில் 38 பின். வெளிப் பட்டறைக்காரர் எத்தனை கருவிகள்தான் வாங்கி வைப்பார்? புகை மாசைக் கட்டுப்படுத்தப் போராடிய கலிபோர்னியாவின் அழுத்தத்தில்தான் நிலைமை மாறியது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 16 பின் வடிவம் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001லும் டீசல் கார்களுக்கு 2004லும் இந்த முறை வந்தது. பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு இந்தியாவுக்கும் வந்தது. யாருடைய கார் என்றாலும் தெருமுனை மெக்கானிக் ஒரே ஸ்கேனரைச் செருகிப் பார்க்கலாம் என்ற நிலை அப்படித்தான் பிறந்தது.

அந்த வடிவம், தன்னைப் பார்க்கிறவருக்கு ஒரு உறுதியைத் தருகிறது. 4, 5ஆம் பின்கள் எர்த். 16ஆம் பின்னில் சாவி போடாவிட்டாலும் பேட்டரி கரண்ட் இருக்கும். 6, 14ஆம் பின்கள் வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் வயர்கள். இதை நம்பித்தான் முன்பின் பார்த்திராத வண்டியில் மெக்கானிக் கருவியைச் செருகுகிறார். இதிலேயே இரண்டு வகைகள் உண்டு. கார்களுக்கு ஏ வகை, 12 வோல்ட். 24 வோல்ட் லாரி, பஸ்களுக்கு பி வகை. கப்ளரின் நடுவில், இரண்டு பின் வரிசைகளுக்கும் இடையே ஓடும் பள்ளத்தைக் கவனித்தால் வித்தியாசம் தெரியும். ஏ வகையில் அது ஒரே நீளமாக ஓடும். பி வகையில் நடுவில் தடுப்பு இருக்கும். 12 வோல்ட்டுக்கு மட்டுமே செய்த ஸ்கேனரை 24 வோல்ட் வண்டியில் யாரும் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தத் தடுப்பு. ஸ்கேனர் சேரவில்லை என்று லாரியில் ஏ வகைக் கப்ளரை மாட்டுகிறவர், அடுத்து வரப்போகும் யாரோ ஒருவரின் கருவியை எரிக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார். கார்களிலும் ஆபத்து குறைவல்ல. கேன் வயர்கள் இரண்டும் முறுக்கி வருவது வெளி மின்சார இரைச்சல் தாக்காமலிருக்க. அதைப் பிரித்து நீட்டி, டேப் சுற்றி ஒட்டினால், சிக்னல் எப்போது கெடும் என்று சொல்ல முடியாது. வயர் எர்த்தில் உரசினால் சில வண்டிகள் ஸ்டார்ட் ஆகாமலேயே நின்றுவிடும்.

பழைய வண்டிக்காரர்களின் வாதம் வேறு: எல்லா ஸ்கேனரும் சேரும் 16 பின் கப்ளரைப் போடுவது நல்லதுதானே என்பார்கள். கப்ளரை மாற்றினால் வண்டியின் கம்ப்யூட்டர் பேசும் மொழி மாறாது. பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய ஸ்கேனரின் கேள்வி புரியவே புரியாது. அந்த மொழி தெரிந்த ஸ்கேனர் இருந்தால், நடுவில் ஒரு அடாப்டர் கேபிள் போதும். பிஎம்டபிள்யூவின் 20 பின்னுக்கும் மெர்சிடிஸின் 38 பின்னுக்கும் அது சந்தையில் கிடைக்கிறது. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். வண்டி கம்பெனி விட்டபடியே இருக்கும்.

திருட்டு பயம் நியாயமானது. 2012இல் பிரிட்டனில் பிஎம்டபிள்யூ கார்களை இந்தப் போர்ட் வழியாக வெற்றுச் சாவியைப் பதிவு செய்து ஓட்டிச் சென்றார்கள். ஆனால் திருடர்கள் அங்கேயே நிற்கவில்லை. டொயோட்டா ராவ்4 ஒன்றின் ஹெட்லைட் பக்கத்து வயரிங்கில் கருவியை இணைத்து, கேன் வயர் வழியாகவே கதவைத் திறந்து வண்டியைக் கொண்டுபோன விதத்தை 2023இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்தத் திருடனுக்கு ஓபிடி போர்ட் தேவைப்படவேயில்லை. போர்ட்டுக்குப் பூட்டு போடும் இரும்பு மூடி, தனியாக ஒரு இம்மொபிலைசர் ஆகியவை திருடனைத் தாமதப்படுத்தும், மெக்கானிக்கைத் தடுக்காது. வகை மாற்றிய கப்ளரோ, கார் கைமாறிய பிறகு அதன் ரகசியம் தெரியாத புது உரிமையாளரைத்தான் முதலில் வாட்டும். அமெரிக்க மத்திய விதிகளின்படி, மாசுப் பரிசோதனைக்கு வரும் காரில் இந்தக் கப்ளர் இல்லாவிட்டாலும் அதில் யாரேனும் கைவைத்திருந்தாலும் அந்தக் கார் தேறாது. நம் ஊரில் சைலன்சரில் குழாயை விட்டுப் புகையைத்தான் அளக்கிறார்கள், போர்ட்டை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். நடுரோட்டில் வண்டி நிற்கும்போது பார்க்க வரும் மெக்கானிக்குக்கு அது வேண்டும்.

என் வண்டி, என் விருப்பம் என்பவர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இதே கட்டுப்பாடு கம்பெனிகளுக்கும் வேண்டும். வடிவத்தை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே மென்பொருள் பூட்டு போடுவதும் கப்ளரை மாற்றுவதற்குச் சமம்தான். ஃபியட் கிறைஸ்லர் 2018 வாக்கில் அப்படியொரு பாதுகாப்பு கேட்வேயைக் கொண்டுவந்தது. பதிவும் கட்டணமும் இல்லாமல் வெளிப் பட்டறைகள் உள்ளே போக முடியாத நிலை உண்டானது. சட்டத்தில் இல்லாத இத்தகைய நிபந்தனைகளை விதிக்க முடியாது என்று 2023 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அதற்கும் முன்பே, 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராததற்காக 14 கார் நிறுவனங்களுக்குப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த விவகாரம் மேல்முறையீடுகளில் சிக்கிக்கொண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமை இணையதளத்தில் வாகனத் துறையும் உண்டு. ஒவ்வொரு மாடலிலும் எந்தப் பின் எதற்கு, கேட்வேயைத் திறக்க வெளிப் பட்டறைக்கு என்ன வழி என்பதை அதில் நிறுவனங்கள் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும்.