பாலம் கட்டினால் நெரிசல் தீராது

சென்னையில் எந்த டீக்கடையில் போக்குவரத்து நெரிசல் பற்றிப் பேச்சு எழுந்தாலும், "ஒரு பாலம் போட்டா சரியாயிடும்" என்பதில்தான் வந்து முடிகிறது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்த நம்பிக்கைக்குத் தீனி போடுகிறது. 1973-இல் ஜெமினி மேம்பாலம் திறந்ததிலிருந்து கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். நெரிசல் குறைந்ததா?

சாலை அகலமானால் நேற்றுவரை ரயிலில் போனவர் காரை எடுக்கிறார். ஊருக்கு வெளியே வீடு வாங்கத் தயங்கியவர் துணிந்து வாங்குகிறார். பழைய மகாபலிபுரம் சாலையை ஆறு வழியாக்கினோம். அடுக்குமாடிகள் முளைத்தன, அவற்றோடு கார்களும் வந்தன. மீதிக் கதை சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008 வாக்கில் சுமார் 280 கோடி டாலர் செலவில் விரித்து முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். அப்படியும் 2011-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே மாலைப் பயண நேரம் 55 சதவீதம் கூடிவிட்டது. அத்தனை தடங்களுக்கும் அடங்காத நெரிசல் நம் நான்கு தடப் பாலத்துக்கு அடங்கும் என்று எந்தக் கணக்கில் நம்புகிறோம்?

பாலம் இறங்குகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அணுகுசாலைக்காக நடைபாதையை அரிந்திருப்பார்கள். எதிர்ச்சாரிக் கடைக்குப் போகவேண்டிய பாட்டி, நிற்காமல் இறங்கிவரும் வண்டிகளுக்குக் கையை நீட்டி நீட்டிப் பின்வாங்குகிறார். பேருந்து மேலே ஏறினால் நிறுத்தம் போய்விடும். கீழே வந்தால் பழைய சிக்னலிலேயே நிற்கவேண்டும். காரில் போகிறவருக்கு மிச்சமான இரண்டு நிமிடத்தை, பேருந்துக்குக் காத்திருப்பவரிடமிருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

வீடு இழந்தவர்கள் கணக்கு தனி. துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். கூவம் கரையில் இருந்த குடும்பங்களைத் துரைப்பாக்கம் கண்ணகி நகர்ப் பக்கம் அனுப்பினார்கள். 2012-இல் வேலை நின்றது. வருடக்கணக்கில் தூண்கள் மொட்டையாக நின்றன. 2022-இல் ஈரடுக்காக மாற்றி மறுபடி அடிக்கல். சரக்கு லாரிகளுக்கு வழி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வேலைக்காக நகரத்துக்குள் வரும் பெண்கள் கண்ணகி நகரிலிருந்து விடியுமுன் பேருந்து பிடிக்கிறார்களே, அவர்களுக்கு எந்தப் பாலம் உதவும்?

ரயிலுக்கு வந்தால் நம் அவசரமெல்லாம் காணாமல் போகிறது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர்தான். 2008-இல் தொடங்கிய பறக்கும் ரயில் தடம், ஆதம்பாக்கத்தில் 500 மீட்டர் நில வழக்கால் பத்தாண்டுக்கும் மேல் தொங்கியது. அதே நகரத்தில், பூமிக்கடியில் மெட்ரோ ஓடுகிற அண்ணா சாலையில், தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் பாலத்துக்கு 621 கோடி ரூபாய் ஒதுக்க நமக்குத் தயக்கமே வரவில்லை.

அண்ணா சாலையில் இடப்பக்கத் தடம் ஒன்றைப் பேருந்துக்கு மட்டும் விடுங்கள். அதற்கு நிலம் எடுக்க வேண்டாம், ஒரு வீட்டையும் இடிக்க வேண்டாம். பெயின்ட்டும், தடத்தில் புகும் கார்களுக்கு அபராதம் போடுகிற காவலரும் போதும். அந்த 621 கோடியைப் புதிய பேருந்துகளுக்குக் கொடுங்கள். இதைச் செய்து பார்க்காமல் அடுத்த பாலத்துக்கு டெண்டர் விடக்கூடாது.