வாசலுக்கு வரட்டும் அரசு: மூத்த குடிமக்கள் சங்கத்தின் கோரிக்கை மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர், ஊர்க்குழுப் பொறுப்பாளர்கள், மூத்த குடிமக்கள் சங்கம்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: முதியோர் ஓய்வூதியம், பராமரிப்புத் தீர்ப்பாயம், மருத்துவம், போக்குவரத்து, காப்பகம் ஆகியவை குறித்த கோரிக்கைகளை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் அளிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

2021 சட்டமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 80 வயது கடந்தவர்களின் வீடு தேடித் தேர்தல் அலுவலர்கள் வந்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலிலும் 85 வயது கடந்தவர்களுக்கு அந்த ஏற்பாடு தொடர்ந்தது. வாக்குச்சாவடிக்கு நடக்க இயலாதவரும், கட்டிலை விட்டு இறங்க முடியாதவரும் தம் வீட்டிலிருந்தபடியே வாக்களித்தார்கள். ஒரு முதியவரின் வாக்குகூட விடுபடக் கூடாது என்ற அந்த அக்கறையைச் சங்கம் மனமார வரவேற்கிறது. அதே முதியவர் மாத ஓய்வூதியம் நின்றுபோனால் கிராம நிர்வாக அலுவலர், இ-சேவை மையம், வங்கி, தனி வட்டாட்சியர் அலுவலகம் என்று படியேறி இறங்குகிறார். வாக்குக்காக வாசல் வரை வந்த நிர்வாகம், அவருக்கு உரியதைக் கொடுக்கவும் வாசல் வரை வர வேண்டும். இம்மனுவின் சாரம் இதுதான்.

சங்கத்தில் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பேருந்து நடத்துநர்கள், பஞ்சாலைத் தொழிலாளர்கள், சத்துணவு அமைப்பாளர்கள், வாழ்நாள் முழுக்க நாற்று நட்டும் களை பறித்தும் முதுகு வளைந்த பெண்கள். எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறார். நடக்க முடிந்தவர் முடியாதவருக்காக அலுவலகம் போய் வருகிறார். அரசு ஊழியராக இருந்து ஓய்வூதியம் பெறுபவர், ஓய்வூதியமே இல்லாத விவசாயக் கூலித் தொழிலாளிக்காகப் பேசுகிறார். முதியோருக்காக வேறு யாரோ பேசும் நிலை மாறி, முதியோரே முன்நின்று நடத்தும் சங்கம் இது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் சுமார் 75 லட்சம் பேர், மக்கள்தொகையில் 10.4 சதவீதம். 2031-இல் இந்தப் பங்கு 18 சதவீதத்தை ஒட்டி வரும் என்கிறது மக்கள்தொகை மதிப்பீடு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதியவராக இருக்கப்போகும் மாநிலத்தில், முதியோர் சேவையை ஏதோ ஒரு துறையின் ஓரத்துப் பணியாக வைத்திருக்க முடியாது.

முதியோர் தங்கள் உரிமைக்காகத் தாமே போராடி வென்ற வரலாறு இந்த நாட்டுக்கு உண்டு. 1979 மார்ச் 31 என்று ஒரு நாளைக் குறித்து, அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கு மேம்படுத்தப்பட்ட ஓய்வூதியம் கிடையாது என்று மத்திய அரசு வகுத்தபோது, டி.எஸ். நகாரா என்ற ஓய்வுபெற்ற அதிகாரி உச்ச நீதிமன்றம் போனார். 1982 டிசம்பர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பாகுபாட்டை நீக்கியது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, அது உரிமை என்றும் தெளிவுபடுத்தியது. அந்த நாளைத்தான் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நகாரா வென்றது அரசு ஊழியர்களுக்கு. மூட்டை சுமந்தவர்களுக்கும் செங்கல் அறுத்தவர்களுக்கும் அதே உரிமை வேண்டும் என்று 2012 முதல் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயும், புணேயில் சுமைப்பணித் தொழிலாளர்களைத் திரட்டிய பாபா ஆதவும் முன்நின்ற ஓய்வூதியப் பரிஷத் குரல் கொடுத்தது. குறைந்தபட்சக் கூலியில் பாதியையாவது எல்லா முதியோருக்கும் ஓய்வூதியமாக வழங்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கோரிக்கை. இச்சங்கமும் அந்த வழியில் நிற்கிறது.

1. ஓய்வூதியம்

முதியோர் ஓய்வூதியத்தில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். 1962-இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிய திட்டம் அது. 2011-இல் 1,000 ரூபாயானது. 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய். நாளொன்றுக்கு 40 ரூபாய். அதற்குள்தான் பாலும் காய்கறியும் மாத்திரையும் பேருந்துக் கட்டணமும் அடங்க வேண்டும். ஆந்திரப் பிரதேசம் 2024 முதல் 4,000 ரூபாய் வழங்குகிறது. கேரளம் 2025 நவம்பரில் 2,000 ரூபாயாக உயர்த்தியது.

இதைவிட வேதனை தருவது மத்திய அரசின் பங்கு. 1995-இல் 75 ரூபாயுடன் தொடங்கிய தேசியத் திட்டம் 2006-இல் 200 ரூபாயானது. 79 வயது வரையுள்ளவர்களுக்கு இன்றும் அதே 200 ரூபாய்தான். நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. 80 வயதானால் 500 ரூபாய். இத்தனை ஆண்டுகளில் அரிசி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது, வீட்டு வாடகை ஏறியது. இந்தத் தொகை மட்டும் அசையவில்லை.

தொகையை உயர்த்துவது மாவட்ட நிர்வாகத்தின் கையில் இல்லை என்பதைச் சங்கம் அறியும். எனவே மத்திய அரசு தன் பங்கை உயர்த்தவும், மாநில அரசு முதற்கட்டமாக ஓய்வூதியத்தை 2,000 ரூபாயாக்கவும் ஆட்சித் தலைவர் அவர்கள் பரிந்துரைத்து இம்மனுவை மேலனுப்ப வேண்டும்.

மாவட்ட அளவிலேயே செய்யக்கூடியவையும் உண்டு.

அ) யாருடைய ஓய்வூதியத்தையும் நிறுத்தும் முன், கள அலுவலர் அவர் வீட்டுக்குப் போய் நேரில் விசாரிக்க வேண்டும். காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.

ஆ) வயலிலும் சூளையிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதிவதில்லை. கைரேகை பொருந்தவில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பாமல், கருவிழிப் பதிவாலோ கையொப்பப் பதிவேட்டாலோ அன்றைக்கே பணம் வழங்க வேண்டும்.

இ) மகன் இருக்கிறார் என்பதை மட்டும் காரணமாக்கி விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது. அந்த மகன் சோறு போடுகிறாரா என்பதை விசாரித்து எழுத வேண்டும்.

ஈ) 80 வயது கடந்தவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் வங்கித் தொடர்பாளர் வீட்டிலேயே பணம் தர வேண்டும். அதற்கு ஒரு ரூபாய்கூடப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

2. பராமரிப்புத் தீர்ப்பாயம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் நிறைவேறியது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவர் விண்ணப்பிக்கலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; விதிவிலக்கான நிலையில் மேலும் 30 நாள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம், வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் தேட வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு எளிமையாக வகுத்த சட்டம் இது.

சட்டம் எளிமையாக இருந்தாலும் தாலுகா எல்லையில் இருக்கும் கிராமத்திலிருந்து கோட்டாட்சியர் அலுவலகம் போய்ச் சேர்வது எளிதல்ல. பெற்ற பிள்ளைமீது புகார் எழுத ஒரு தாயின் கை எளிதில் துணிவதில்லை. துணிந்து எழுதியவருக்கும் விசாரணை தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் பேருந்துக் காசும் ஒரு நாள் பட்டினியும் செலவாகின்றன. வீடு திரும்பினால் அதே பிள்ளையின் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

ஆகவே தீர்ப்பாயம் மாதம் ஒரு முறை ஒவ்வொரு வட்டத்திலும் முகாமிட்டு விசாரிக்க வேண்டும். நகர முடியாதவரின் வாக்குமூலத்தை வீட்டில் பதிவு செய்ய வேண்டும். 90 நாள் கடந்த மனுக்களின் எண்ணிக்கையைக் கோட்டம் வாரியாக மாதந்தோறும் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

தாமே விண்ணப்பிக்க இயலாத முதியவருக்காக, அவர் அதிகாரம் அளித்த பதிவுபெற்ற அமைப்பு விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டத்தின் 5-ஆம் பிரிவு. அத்தகைய அமைப்பின் பிரதிநிதியைச் சமரச அலுவலராக அமர்த்தவும் 6-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஊரில் நாலு பேர் மதிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையோ, மகளிர் குழுவை நடத்திய மூதாட்டியோ குடும்பத்தாரை உட்கார வைத்துப் பேசினால் பல வழக்குகள் பகையாக முற்றாமல் தீரும். சமரச அலுவலர் பட்டியலில் மூத்த பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்க வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை.

3. செட்டில்மென்ட் பத்திரம்

வயதான பெற்றோர் வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகள் பேருக்கு எழுதி வைத்த பிறகு திண்ணைக்குத் தள்ளப்படுவது எல்லா வட்டத்திலும் நடக்கிறது. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாதது என அறிவிக்க அதே 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே வேறு வேறு கோணத்தில் அமைந்துள்ளன. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துப் பாட்டி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் முதியவர் பக்கம் நின்றது. அன்பினால் எழுதிக் கொடுக்கும்போதே பராமரிப்பு என்ற நிபந்தனை அதில் உள்ளடங்கியிருக்கிறது என்று கொண்டு பத்திர ரத்தை உறுதி செய்தது.

எழுத்தறியாத முதியவர் இந்தச் சட்ட நுணுக்கத்தில் சிக்கித் தவிக்கக் கூடாது. 60 வயது கடந்தவர் செட்டில்மென்ட் எழுத வரும்போது, பராமரிப்பு நிபந்தனையைச் சேர்க்க அவருக்கு உரிமை உண்டு என்பதைச் சார்பதிவாளர் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதி வாங்குபவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மனமுவந்துதான் எழுதுகிறீர்களா என்று முதியவரைத் தனியாகக் கேட்க வேண்டும். பதிவு அலுவலகச் சுவரில் 23-ஆம் பிரிவின் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

4. மருத்துவம்

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு காட்டிய வழி பெரிது. 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான முதுநிலைப் படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது.

முதுமையின் துன்பம் இந்த இரண்டோடு முடிவதில்லை. இடுப்பு எலும்பு முறிவு, கண்புரை, காது மந்தம், மறதி நோய், மனச்சோர்வு, படுக்கைப்புண் இவற்றுக்குக் கிராமத்தில் யாரிடம் போவது? தேசிய முதியோர் சுகாதாரத் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் முதியோர் சிறப்பு மருத்துவம் நடக்க வேண்டும். அந்தக் கிழமையை ஊருக்கு அறிவித்து, தவறாமல் நடத்த வேண்டும். அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை என்பது 2007 சட்டத்தின் 20-ஆம் பிரிவிலேயே உள்ளது. மருத்துவரைப் பார்க்க, ஸ்கேன் எடுக்க, மாத்திரை வாங்க என மூன்று இடங்களிலும் அந்த வரிசை வேண்டும்.

5. பயணமும் ரேஷனும்

சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் வழங்கும் முறை 2016 பிப்ரவரியில் வந்தது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். மற்ற மாவட்டங்களில் கைச்செலவுக்கு வழியில்லாத ஆண் முதியவர் மட்டும் இரண்டு சலுகைக்கும் வெளியே நிற்கிறார். டோக்கன் முறையை இம்மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டும். கோவிட் தொற்றின்போது, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட ரயில் கட்டணச் சலுகையை மீண்டும் வழங்க மத்திய அரசுக்கு எழுத வேண்டும்.

2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியோரின் வீட்டு வாசலுக்கு ரேஷன் பொருளைக் கொண்டு வந்தது. அதன் வயது வரம்பை எட்டாமலே நோயால் படுத்துவிட்ட, துணைக்கு ஆளில்லாத முதியோரையும் இதில் சேர்க்க வேண்டும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் எழுத வேண்டும்.

6. காப்பகம்

மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தொடங்கி, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லங்களைப் படிப்படியாக அமைக்க 2007 சட்டத்தின் 19-ஆம் பிரிவு வகைசெய்கிறது. மாவட்டந்தோறும் எத்தனை முதியோர் இல்லங்கள் உள்ளன என்ற விவரத்தைத் திரட்டுமாறு 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது. இம்மாவட்டத்தில் அரசு நடத்தும் இல்லங்கள், தனியார் இல்லங்கள், அவற்றில் காலியாக உள்ள இடங்கள் ஆகியவற்றை வெளியிட வேண்டும். தனியார் இல்லங்களை ஆய்வு செய்யும் குழுவில் சங்கத்தினர் இருவரைச் சேர்க்க வேண்டும்.

7. முடிவெடுக்கும் இடத்தில் முதியோர்

முதியோர் திட்டங்களுக்கான மாவட்ட ஆய்வுக் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடைபெற வேண்டும். அதில் விவசாயக் கூலிகள், பட்டியல் சமூகத்தினர், பழங்குடியினர், கணவரை இழந்த பெண்கள் ஆகியோரின் பிரதிநிதிகளாக முதியோர் அமர வேண்டும். ஓய்வூதியம் யாருக்கு முதலில் கைநழுவிப் போகிறது என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும். அக்டோபர் 1 உலக முதியோர் தினம். மறுநாள் கிராமசபை கூடுகிறது. அந்தக் கிராமசபையில் ஓய்வூதியப் பட்டியலை வாசித்து, விடுபட்ட பெயர்களைத் தீர்மானமாகச் சேர்க்க ஊராட்சிகளுக்கு உத்தரவிட வேண்டும்.

மேற்கண்டவற்றில் மாவட்ட நிர்வாகமே ஆணையிடக்கூடியவை எவை, மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் அனுப்பப்படுபவை எவை என்பதைப் பிரித்து, 30 நாட்களுக்குள் எழுத்துவழி பதில் தருமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது. தீர்ப்பாய முகாம்களுக்கும் ஓய்வூதிய முகாம்களுக்கும் விண்ணப்பம் நிரப்பவும், நடக்க முடியாதவர்களின் பட்டியலைத் தரவும், வீடு காட்டவும் சங்கத்தின் ஊர்க்குழுக்கள் ஆயத்தமாக உள்ளன. நாள் குறித்துத் தெரிவித்தால் பொறுப்பாளர்கள் நேரில் வருவார்கள்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், ஊர்க்குழுப் பொறுப்பாளர்கள்,
மூத்த குடிமக்கள் சங்கம்

இணைப்பு: ஊர் வாரியாக, ஓய்வூதியம் நிறுத்தப்பட்டவர்கள், நகர இயலாதவர்கள் பட்டியல்.

நகல்: மாவட்ட சமூக நல அலுவலர்; வருவாய்க் கோட்டாட்சியர்; தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம்; மாவட்டப் பதிவாளர்; மாவட்ட சுகாதார அலுவலர்; மாவட்ட வழங்கல் அலுவலர்.