'மட்டும்' என்ற ஒரு சொல்

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு வந்திருக்கும் லுட்டீஷியம் சிகிச்சையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும்போது, புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் மருந்து என்கின்றன. அந்த 'மட்டும்' உண்மையில்லை.

இந்த மருந்து குறிவைப்பது பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தை. புரோஸ்டேட் புற்றுசெல்களின் மேற்பரப்பில் இது மிக அதிகமாக இருக்கும். இதில் ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறு ஒன்றோடு லுட்டீஷியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டி, ரத்தத்தில் செலுத்துகிறார்கள். அதன் பீட்டா கதிர் திசுவுக்குள் சுமார் 2 மில்லிமீட்டர்தான் போகும். அருமையான யோசனை, சந்தேகமில்லை.

ஆனால் புரதத்தின் பெயரிலேயே இருக்கும் 'ஸ்பெசிஃபிக்' ஏமாற்றுகிறது. இது சிறுநீரகத்திலும் சிறுகுடலிலும்கூட உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் மருந்தை இழுத்துக்கொள்கின்றன. 2021-ல் வெளியான விஷன் ஆய்வில், மருந்து பெற்றவர்களில் சுமார் 39 சதவீதம் பேருக்கு வாய் உலர்ந்து போனது. சாப்பாடு தொண்டையில் இறங்காமல் தவிப்பவரிடம் போய் 'மட்டும்' என்று சொல்ல முடியுமா?

குறி சரியாக இருந்தால் போதும் என்பதும் தவறு. இதே புரதத்தைக் காட்டும் ப்ரோஸ்டாசின்ட் என்ற ஸ்கேன் மருந்துக்கு அமெரிக்கா 1996-லேயே அனுமதி கொடுத்தது. அது ஒட்டியதோ, புரதத்தின் செல்லுக்குள் இருக்கும் நுனியில்! உயிருள்ள செல்லுக்குள் அதனால் நுழைய முடியாது. செத்த, சாகும் செல்களில்தான் ஒட்டியது. குறி சரி, பிடித்த இடம் தப்பு. லுட்டீஷியம் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2022-ல்.

பலன் என்ன? விஷன் ஆய்வில் சேர்ந்தவர்கள் 831 பேர். ஹார்மோன் சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்றும் நோய் முற்றியவர்கள். ஸ்கேனில் இந்தப் புரதம் தெரிந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். வழக்கமான சிகிச்சையில் சராசரி ஆயுள் 11.3 மாதம், மருந்தையும் சேர்த்தபோது 15.3 மாதம்.

நான்கு மாதம்தானா என்று உதட்டைப் பிதுக்குபவர்களும் யோசிக்கட்டும். ஒரு அப்பாவுக்கு நான்கு மாதம் என்பது மகள் கல்யாணத்தைப் பார்த்துவிடும் காலமாக இருக்கலாம். அது சின்ன விஷயமில்லை. ஆனால் அது குணமும் இல்லை.

அமெரிக்காவில் ஒரு டோஸின் விலை 40,000 டாலருக்கு மேல். ஆறு டோஸ் வரை போடலாம். இருக்கும் நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்குத் தேவை அடைமொழி இல்லை. எத்தனை மாதம், யாருக்குப் பலிக்கும், என்ன தொல்லை வரும், எவ்வளவு செலவு? இந்த நான்கையும் எழுதாமல் 'அதிசய மருந்து' என்று மட்டும் எழுதுவது செய்தி இல்லை, விளம்பரம்.