பொடி எழுத்தையும் படிங்க!

"ஒரு பேட்டன்ட் வாங்கிட்டா போதும்டா, லைஃப் செட்டில்!" ஹாஸ்டலில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை நண்பர்களே!

அமெரிக்காவில் ரோலின் ஒயிட் என்பவர் 1855-ல் ஒரு பேட்டன்ட் பெற்றார். ரிவால்வர் சிலிண்டரில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துளை போட்டால், தோட்டாவைப் பின்பக்கமாகவே போடலாம். அருமையான யோசனை! 1856-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி அவரோடு ஒப்பந்தம் போட்டது. துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் ராயல்டி.

நல்ல பேரம்தானே என்கிறீர்களா? ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: யாராவது காப்பியடித்தால் கேஸ் போடுவது ஒயிட்டின் பொறுப்பு. செலவும் அவருடையதே! கம்பெனி துப்பாக்கி விற்றது. மனுஷன் கோர்ட் படி ஏறினார். கேஸில் ஜெயித்தும், ராயல்டியில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போச்சு. 1869-ல் பேட்டன்ட் காலாவதியானது. அதை நீட்டிக்க வழிசெய்யும் மசோதாவை 1870-ல் ஜனாதிபதி கிராண்ட் நிராகரித்துவிட்டார்.

கண்டுபிடிக்க மூளை வேணும், சரி. கையெழுத்துப் போடும்போது கண்ணும் வேணுமே! வெர்னியரில் 0.02 மி.மீ. வரை பார்க்கத் தெரிந்த நமக்கு, பேப்பரில் இருக்கும் பொடி எழுத்து தெரியாமலா போகும்?