வாள் சுத்தத் தெரியும், சண்டை போடத் தெரியுமா?

நம் நாட்டில் வாளுக்கு மூன்று இடம்தான். ஒன்று, மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள். இரண்டு, ஊர்வலத்தில் தலைக்கு மேல். மூன்று, யாராவது ஒரு பேட்டை தாதாவின் பிறந்தநாள் கேக் மேல். (இந்த மூன்றாவதுக்கு போலீஸ் கேஸ் போடுவது மகாராஷ்டிராவில் அடிக்கடி பேப்பரில் வரும்.) நாலாவதாக ஒரு இடம் வேண்டும் என்பது என் கட்சி: இரண்டு பேர் முகமூடி போட்டுக்கொண்டு, கூர் மழுக்கிய வாளோடு எதிரெதிரே நின்று பழகுகிற ஒரு சாதாரண ஹால்.

நான் குப்பை கொட்டுவது மும்பை திலக் நகரில். செட்டா நகர் முருகன் கோவில் பக்கம் என்றால் இங்குள்ள தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். பிப்ரவரி 19 சிவாஜி ஜெயந்தி வந்தால் இந்த ஊரில் ஊர்வலங்களில் 'மர்தானி கேல்' பார்க்கலாம். கோலாப்பூர் பக்கத்து வித்தை. கம்பு, வாள், அப்புறம் 'தாண்ட்பட்டா'. பட்டா என்பது முழங்கை வரை இரும்பு உறை, அதன் முனையில் நீளமான வாள். மணிக்கட்டை மடக்கவே முடியாது, உடம்பையே திருப்பித்தான் வீச வேண்டும். 2024ல் இதை மகாராஷ்டிர அரசு மாநில ஆயுதமாகவே அறிவித்துவிட்டது.

பத்து வயசுப் பிள்ளைகள் அதைச் சுற்றுகிற அழகைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றபோது தங்கமணி கேட்டாள்: "நல்லாத்தான் சுத்துதுங்க. எதிர்ல ஒரு ஆள் நின்னா என்ன பண்ணும்?"

அதானே!

நம்ம சிலம்பத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கம்பு, வாள், சுருள் வாள், மான்கொம்பு என்று ஆயுதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் செய்தியில் வருவதெல்லாம் 'கண்ணைக் கட்டிக்கொண்டு இத்தனை மணி நேரம் சிலம்பம் சுற்றி சாதனை' வகைதான். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் எதிராளியே இல்லாத சண்டைக்கலை எப்படி முழுசாகும்? தனியாகச் சுற்றும்போது நம் கம்பு எல்லோரையும் ஜெயிக்கும். எதிரே ஒருத்தர் வந்து நின்றால்தான் நம் காலடி எவ்வளவு மெதுவானது என்று தெரியும்.

ஐரோப்பாவில் கதை நேர்மாறு. அவர்களுடைய பழைய வாள் வித்தை குரு சிஷ்ய வரிசை அறுந்து செத்தே போனது. மிச்சம் இருந்தது புத்தகங்கள். சுமார் 1300ல் எழுதப்பட்ட வாள், சிறு கேடயச் சுவடி ஒன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கிறது. 1410 வாக்கில் இத்தாலியின் ஃபியோரே, 1570ல் ஜெர்மன்காரர் யோவாகிம் மேயர் என்று படம் போட்டு எழுதி வைத்தார்கள். கடந்த முப்பது, நாற்பது வருஷத்தில் ஐடிக்காரர்களும் வாத்தியார்களும் மாணவர்களுமாக அதை எடுத்துப் படித்து, ஒரு வரிக்கு நாலு அர்த்தம் சொல்லி, எது சரி என்று ஒருத்தரை ஒருத்தர் அடித்துப் பார்த்து மீட்டெடுத்தார்கள். முகமூடி, தடித்த ஜாக்கெட், கையுறை, கூரில்லாத இரும்பு வாள், அவ்வளவுதான் செலவு. வார இறுதி பொழுதுபோக்கு!

அவர்களிடம் புத்தகம் இருந்தது, வாத்தியார் இல்லை. நம்மிடம் வாத்தியார் இருக்கிறார், புத்தகம் இல்லை. அக்னி புராணத்தில் வாளும் கேடயமும் பிடித்தவனுக்கு 32 அசைவுகளின் பெயர் இருக்கிறது. பெயர் மட்டும்தான், செய்முறை கிடையாது. பாளையக்காரர் போர் முடிந்த கையோடு 1801 டிசம்பரில் எட்வர்ட் கிளைவ் ஆயுதங்களுக்குத் தடை போட்டார். 1878ல் ஆயுதச் சட்டம் வந்தது. தஞ்சை மராட்டியர் ஆயுதசாலையில் மிஞ்சியதில் கொஞ்சம் இன்று எழும்பூர் மியூசியத்தில் தூங்குகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சிலம்ப வாத்தியார் இருந்தார். "எழுதி வெச்சா கண்டவனும் கத்துக்குவான்" என்பார். கண்டவனும் கத்துக்கவில்லை, சொந்தப் பேரனும் கத்துக்கவில்லை. மனுஷன் போனதோடு பாடமும் போச்சு.

இந்த இடைவெளியை சினிமா நிரப்பியது. 'நாடோடி மன்னன்' (1958) வாள் சண்டையை எத்தனை தடவை பார்த்திருப்போம்! எம்.ஜி.ஆர். நிஜமாகவே சிலம்பம் தெரிந்தவர். ஆனாலும் நம் படங்களில் வாள் முனையை மணிக்கட்டால் சுழற்றிச் சுழற்றிக் குத்துகிறார்களே, அது ஐரோப்பிய ஃபென்சிங் சாயல். தல்வாரின் பிடிக்குக் கீழே தட்டு மாதிரி வட்டம் ஒன்று இருக்கும். அது மணிக்கட்டை அதிகம் மடங்க விடாது. தோளிலிருந்து வீசி, இழுத்து அறுக்க வேண்டிய வாள் அது. இதெல்லாம் கையில் பிடித்து, எதிராளியோடு நின்று பார்த்தால் பத்து நிமிஷத்தில் விளங்கும். கண்ணாடிப் பெட்டி வழியாக நூறு வருஷம் பார்த்தாலும் விளங்காது.

"வாளைக் கையில் கொடுத்தால் ரவுடிகள்தானே பெருகுவார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமான கூர் வாளுக்கு 2016 ஆயுத விதிகளிலேயே கட்டுப்பாடு இருக்கிறது, இருக்கட்டும். பழகுவதற்குக் கூர் வாளே வேண்டாம், மூங்கில் போதும். சென்னைப் பெண் பவானி தேவி 2004ல் பள்ளியில் ஃபென்சிங் ஆரம்பித்தபோது முதலில் மூங்கில் குச்சியில்தான் பழகினார். 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்தார். ஒலிம்பிக் ஃபென்சிங்கில் ஆடிய முதல் இந்தியர் அவர்தான்.

என்னைக் கேட்டால் ரவுடித்தனத்துக்கு மருந்தே எதிராளிதான். ஊர்வலத்தில் சுற்றுகிறவனை யாரும் திருப்பி அடிப்பதில்லை, அதனால் தன்னைச் சூரன் என்றே நினைத்துக்கொள்கிறான். ஹாலில் பழகுகிறவன் ஒரு சாயங்காலத்தில் இருபது தடவை 'செத்துப்' போவான். அதிலும் நம்மை விடச் சின்னப் பெண் வந்து நெஞ்சில் தொட்டுவிட்டுச் சிரித்தால், வீர வசனம் தானாக அடங்கும் :-)

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக வந்தது. சந்தோஷம். அதோடு இரண்டு வேலை பாக்கி. ஒன்று, இருக்கிற வாத்தியார்கள் இருக்கும்போதே அவர்கள் காலடியை வீடியோவாகவும் எழுத்தாகவும் பதிவு செய்வது. இரண்டு, சுற்றுவதற்குக் கொடுக்கும் பரிசை எதிராளியைத் தொடுவதற்கும் கொடுப்பது.

மும்பையில் இதற்கு இன்னும் வசதி. ஒரே தெருவில் சிலம்பம் தெரிந்த தமிழ்ப் பையனும் பட்டா தெரிந்த மராட்டிப் பையனும் இருக்கிறார்கள். தஞ்சாவூரில் 1855 வரை மராட்டிய ராஜாக்கள் இருந்தார்களே, அந்தப் பழைய உறவை இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப்பிக்கலாம். பக்கத்தில் ஹால் கிடைத்தால் சொல்லுங்கள், முகமூடி வாங்கும் செலவில் என் பங்கைத் தருகிறேன்.